தேய்ந்துவரும் வெண்கரை



ஓங்கல், கடலரிப்பு, மியாந்தர் ஆகிய சொற்களைப் புவியியற் பாடத்தில் நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். இவை மூன்றையும் ஒரே நாளில் கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் தென்கரையில், பிரைற்றன் நகரிலிருந்து ஈஸ்ற்போண் நகர் வரை சென்ற அப்பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இலண்டனில் வசிக்கும் அக்காவுடன் காலையில் புகையிரதம் ஏறினேன். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிரைற்றனை அடைந்தோம். 1841இல் இப்பாதை திறக்கப்பட்ட பின்னரே இலண்டன் மக்கள் இங்கு பெருந்தொகையாக வரத் தொடங்கினர். இங்குள்ள கடற்கரை கூழாங்கற்களால் ஆனது. அலைகள் அக்கற்களை மேற்கிலிருந்து கிழக்காக நகர்த்துகின்றன. கற்கள் போய்விடாதபடி, கரையிலிருந்து கடலை நோக்கித் தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். இந்தத் தடுப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இரட்டைத்தட்டு பஸ்ஸில் கிழக்கே சென்று எக்சீற் என்னும் இடத்தில் இறங்கினோம். கக்மியர் ஆறு பாம்பைப் போல வளைந்து கிடந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட நேரான வாய்க்கால் வழியாகவே ஆற்றுநீர் இப்போது கடலைச் சேர்கிறது. அழகிய வளைவுகளில் ஓட்டம் இல்லை.

ஆற்றுமுகத்துக்கு அப்பால் 'ஏழு சகோதரிகள்' எனப்படும் ஓங்கல்கள் தொடங்குகின்றன. 8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே கடல் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அல்காக்களின் சுண்ணத் தகடுகள் அதன் அடியில் படிந்து இறுகி இப்பாறை உருவானது. தொட்டால் வெண்கட்டியைப் போல விரலில் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே சக்கிமுக்கிக் கற்கள் கருங்கோடுகளாகத் தெரிந்தன.

"இது எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது?" என்று அக்கா கேட்டார். இடிந்து விழுவதால்தான்! அடிவாரத்தை அலை அரிக்க, மேற்பகுதி சரிந்து, புதிய வெண்முகம் வெளிப்படுகிறது. இடிவது நின்றால் செடிகொடிகள் படர்ந்து வெண்மை மங்கிவிடும்.

நடந்து நடந்து பேர்லிங் கப் என்னுமிடத்தை அடைந்தோம். அங்கே கரையோரக் காவலருக்காக வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் சில இப்போது இல்லை. ஓங்கலின் விளிம்பு நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக இடித்து அகற்றினார்கள்; 2014இலும் ஒன்று அவ்வாறு அகற்றப்பட்டது. எஞ்சிய வீட்டின் யன்னலில் திரைச்சீலை தொங்கியது. அதைப் பார்த்தபோது அழகை இரசிக்கும் மனம் எனக்கு வரவில்லை.

சிறிது தூரத்தில், 1832இல் கட்டப்பட்ட பெல் ரூற் வெளிச்சவீடு நிற்கிறது. கடல் நெருங்கியதால் 1999இல் 850 தொன் எடையுள்ள அக்கட்டடத்தை அப்படியே 17 மீற்றர் உள்ளே நகர்த்தினார்கள். அடுத்து வரும் பீச்சி ஹெட், 162 மீற்றர் உயரமானது. பிரித்தானியாவின் மிக உயரமான வெண்சுண்ணக்கல் கடலோங்கல் இதுவே. மாலையில் ஈஸ்ற்போணுக்கு இறங்கினோம். அங்கும் கூழாங்கற்களைக் காக்கும் தடுப்புகள் வரிசையாக நின்றன.

மாணவர்களே, 2016இல் வெளியான ஆய்வொன்று இக்கரையைப் பற்றி முக்கியமான செய்தி ஒன்றைச் சொல்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளாக வருடத்துக்கு 2 முதல் 6 சென்ரிமீற்றர் வரை தேய்ந்த ஓங்கல், கடந்த 150 ஆண்டளவில் வருடத்துக்கு 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரை தேய்ந்துள்ளது. அடிவாரத்தைக் காத்த கூழாங்கற்படை மெலிந்ததே இதற்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது மெலிந்ததில் மனிதர் கட்டிய கரையோரத் தடுப்புகளுக்கும் பங்கு இருக்கலாம் எனவும் கருதுகிறார்கள். ஓரூர் தன் கற்களைப் பிடித்து வைத்தால் அடுத்த ஊரின் கரை வெறுமையாகும் அல்லவா?

ஆகவே, பரீட்சையில் 'கடலரிப்பைத் தடுக்கும் வழிகள்' பற்றிக் கேட்டால், கற்சுவர், தடுப்பு எனப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாதீர்கள். தடுக்கப்பட்ட கல்லும் மணலும் எந்தக் கரைக்குப் போகவேண்டியவை என்பதையும் சிந்தித்து ஒரு வசனமேனும் எழுதுங்கள்.