நடந்தால்தான் பாதை

அயர்லாந்து நாட்டின் மிக உயர்ந்த சிகரம் கரன்டூஹில். அதன் உயரம் ஏறத்தாழ 1,040 மீட்டர். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா பட்டணமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பட்டணத்தின் பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்கும் பயணி, ஓரடிகூட மலையேறாமலேயே அயர்லாந்தின் உச்சியைவிட 400 மீட்டர் மேலே நிற்கிறார். ஆனாலும், வழிகாட்டியுடன் பல நாள் மலைகளில் நடந்து விடுமுறையைக் கழிப்பது என்றதும் உலக மக்களின் நினைவுக்கு வருவது அயர்லாந்துதான். கேமரன் மலை அன்று.

அதற்குக் காரணம் இருக்கிறது. அயர்லாந்தின் விக்லோ மலைப்பகுதியில் 1980ஆம் ஆண்டு நீண்ட நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஒரு வாரத்தில் நடந்து முடிப்பவர்கள் உண்டு. பகலில் நடப்பார்கள், மாலையில் வழியிலுள்ள சிற்றூரில் தங்குவார்கள். பெட்டி படுக்கையை வண்டி சுமந்து சென்று அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். ஆட்டு மந்தைகள் மேயும் வெட்டவெளிக் குன்றுகள் என்பதால், மூடுபனி இல்லாத நாள்களில் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியும்.

கேமரன் மலை அப்படியன்று. இங்குக் காட்டுக்குள் பத்தடி நடந்தால் பின்னால் இருக்கும் சாலை மறைந்துவிடும். பெரும்பாலோர் இங்குக் காரில்தான் வருகின்றனர். பள்ளி விடுமுறை நாள்களில் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை வண்டிகள் நத்தையாக ஊர்ந்து செல்லும். ஸ்ட்ராபெரி பறித்து, சோளம் தின்று, தேயிலைச் செடிகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் திரும்பிவிடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால், அவர்கள் பார்த்தது சாலையை ஒட்டிய கேமரன் மலையை மட்டுமே. மூன்று நாள் கால்நடையாகச் சுற்றி வருபவர் பார்ப்பது வேறொரு மலை.

அத்தகைய பயணத்தின் முதல் நாள் பெரும்பாலும் இறக்கத்தில் தொடங்கும். கேமரன் மலையின் காட்டுத் தடங்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. தானா ராத்தாவின் எல்லையில் தொடங்கும் 9ஆம் எண் தடம் ராபின்சன் அருவிக்கு இட்டுச் செல்கிறது. சலசலவென ஓடும் ஆற்றை ஒட்டியே நடக்க வேண்டும். நல்ல மழைக்குப் பிறகு அந்த ஆறு பால் கலந்த தேநீரைப் போலக் கலங்கி ஓடும். வழிகாட்டி அங்கே சற்று நின்று, மேலே மரங்களை வெட்டி மண்ணைப் புரட்டிய காய்கறித் தோட்டங்களைப் பற்றிப் பேசுவார். மரத்தின் வேர் பிடித்துவைத்திருந்த மண் இப்போது ஆற்றில் போகிறது. அந்த மண் கீழேயுள்ள ரிங்லெட் ஏரியில் சென்று படிகிறது. நீர்மின் உற்பத்திக்காக அமைக்கப்பட்ட அணை, சேறு நிரம்பித் தன் கொள்ளளவை இழந்து வருகிறது. காரில் வருபவர் ஏரியை மட்டுமே பார்க்கிறார். நடந்து வருபவருக்கு அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது.

அருவியைக் கடந்ததும் 9ஏ என்ற கிளைத்தடம் பிரிந்து, போ தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் சாலையில் சேர்கிறது. காட்டின் இருட்டிலிருந்து வெளியே வருபவருக்குச் சற்றுத் தூரத்தில் பச்சைப் பாய் விரித்தாற்போன்ற மலைச்சரிவுகள் தென்படும். பார்ப்பவர் கண்ணுக்கு அது அழகு. அங்கு வேலை செய்தவர்களுக்கு அது முழங்கால் வலி. கால் வைத்து ஏறிப் பார்த்தால்தான் அந்தச் சரிவுகள் எவ்வளவு செங்குத்தானவை என்பது விளங்கும்.

அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டு இப்பகுதியை அளந்து சென்றார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் வரை இம்மலையைப் பெரிதாக எவரும் கண்டுகொள்ளவில்லை. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில்தான் தாப்பாவிலிருந்து மேலே சாலை போடும் வேலை நடந்தது. அச்சாலை முழுமை பெறும் முன்பே, 1929ஆம் ஆண்டு, ஜே.ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டியதும் சரிவுகளில் குழி தோண்டியதும் நாற்று நட்டதும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த அவர்களில் பலருக்கு இந்த மலைக் குளிரே முதல் குளிர். தேயிலை நிரைகளுக்கிடையே இன்று நடைபயணிகள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளைப் போட்டவை அவர்களுடைய கால்கள்தாம். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் கூடையுடன் ஏறி, கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்து கொட்டி, மீண்டும் ஏறினார்கள். ஒரு நாளைக்குப் பல முறை நடந்தார்கள். அந்த நடைக்கு எவரும் விடுமுறைப் பயணம் என்று பெயர் வைக்கவில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் வழிகாட்டியாக வாய்த்தால் பயணிக்கு அது நல்வாய்ப்பு. அவர் செடியைத் தொட்டுக்காட்டிப் பேசுவார். கிள்ள வேண்டியது இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும் மட்டுமே என்பார். தேயிலை உண்மையில் ஒரு மரம். கவாத்து செய்யாமல் விட்டால் வீட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்துவிடும். இடுப்பளவில் வெட்டி வெட்டித்தான் அதைச் செடியாக வைத்திருக்கிறோம் என்பார். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று அவர் சொல்லும்போது, கையில் தேநீர்க் குவளை வைத்திருப்பவர் ஒரு கணம் அதை உற்றுப் பார்ப்பார்.

இன்று கையால் கொழுந்து கிள்ளுவது அரிது. கத்தரிக்கோலும் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். அது வருந்த வேண்டிய செய்தியன்று; பெற்றோர் பாடுபட்டதே அதற்காகத்தான். ஆனால், அவர்களோடு ஒன்று மட்டும் போய்விடுகிறது. எந்த நிரையின் முடிவில் ஊற்று இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் மழைக்காலத்தில் மண் சரியும், எந்த ஒற்றையடிப் பாதையில் போனால் அடுத்த லயத்துக்குக் கால்மணி நேரத்தில் போகலாம் என்னும் அறிவுதான் அது. அதை எவரும் நூலில் எழுதி வைக்கவில்லை.

பாதை என்பதும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் வரைதான் அது பாதை. இரண்டு மழைக்காலம் எவரும் நடக்காவிட்டால், பெரணியும் பிரம்பும் மளமளவென்று வளர்ந்து மூடிவிடும். எண் இட்ட காட்டுத் தடங்களிலேயே சில பகுதிகள் நிலச்சரிவினாலும் புதிய தோட்டங்களினாலும் அறுபட்டுவிட்டன. வரைபடத்தில் கோடு இருக்கும். தரையில் வழி இருக்காது. தனியாக வருபவர் திகைத்து நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாம் நாள் காட்டுக்கு உரியது. பெரும்பான்மையோர் தேர்ந்தெடுப்பது 1,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பெரெம்பான் மலை. ஏற்றம் கடினம். படி இல்லை, மர வேர்களே படிகள். முன்னால் ஏறும் சிறுவன், "அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பான். "கொஞ்ச தூரம்தான் தம்பி" என்று பதில் வரும். மலை வழிகாட்டிகளின் 'கொஞ்ச தூரம்' எந்த அளவுகோலுக்கும் அடங்காது. அரைமணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அது பொய்யன்று, சோர்ந்தவரை நடக்கவைக்கும் ஒரு கனிவு.

இந்தக் காடு விளையாட்டுக்குரியதன்று என்பதை ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகறியச் செய்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் நாள், தானா ராத்தாவுக்கு அருகில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே சென்றார். திரும்பி வரவில்லை. இராணுவமும் காவல் துறையும் பூர்வக்குடியினரும் பல நாள் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. பட்டணத்தின் விளிம்பிலேயே ஒரு மனிதர் மறைந்துபோகக்கூடிய காடு இது. ஒதுக்குக் காடுகளில் மலையேற வனத்துறையின் அனுமதி பெறுவதும், வழி தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்வதும் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல.

வழி தெரிந்தவர்கள் என்றால், அவர்களில் முதன்மையானவர்கள் செமாய் இனப் பூர்வக்குடியினர். கேமரன் இங்கு வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அவர்கள் இக்காடுகளில் நடந்துகொண்டிருந்தார்கள். பிரம்புக் கூடையை முதுகில் சுமந்து, வழுக்கும் சரிவில் ஓசையின்றி இறங்கும் செமாய்ப் பெரியவரைப் பின்தொடர்வது எளிதன்று. விலையுயர்ந்த காலணி அணிந்தவர் இரண்டு முறை வழுக்கி விழுவதற்குள் அவர் ஓடையைத் தாண்டிவிட்டிருப்பார். மூங்கில், பிரம்பு, பட்டை, வேர் என ஒவ்வொன்றின் பயனும் அவருக்குத் தெரியும். இம்மலையை வில்லியம் கேமரன் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை அவருக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நடந்தாலே புரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள் பயணிகள் பிரிஞ்சாங்கைக் கடந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடே ஏறுகிறார்கள். தோட்டம் முடியும் இடத்திலிருந்து குளிர் கூடுகிறது, மரங்கள் குட்டையாகின்றன. 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சிக்கு அருகில் பாசிக்காடு தொடங்குகிறது. அங்கு மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மேகமே காட்டுக்குள் புகுந்து, இலையிலும் கிளையிலும் பாசியிலும் படிந்து, சொட்டுச் சொட்டாக நீராக மாறுகிறது. பாசி அதைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கீழேயுள்ள ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் வாழும் குடுவைத் தாவரங்கள், தம் குடுவைக்குள் விழும் பூச்சிகளிலிருந்து உணவைத் தேடிக்கொள்கின்றன.

பலகைப் பாதை முடியுமிடத்திலிருந்து இராவ் மலைக்கு ஒரு தடம் செல்கிறது. பகாங், பேராக் மாநிலங்களின் எல்லையில் நிற்கும் அதன் உயரம் 2,110 மீட்டர். தொலைவு அதிகமில்லை. ஆனாலும், முழங்கால் அளவு சேற்றிலும் பின்னிப் பிணைந்த வேர்களிலும் போய்வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். இங்கே நடையின் மறுபக்கமும் தெரிகிறது. கீழே, நடக்காவிட்டால் பாதை அழிகிறது. மேலே, அளவுக்கு மீறி நடந்தால் காடு அழிகிறது. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாகக் கால் வைக்க, பாதை அகன்றுகொண்டே போகிறது. வேர்கள் வெளியே தெரிகின்றன. காடு தேறுவதற்காக இத்தடம் சில காலம் மூடப்பட்டதும் உண்டு. வழிகாட்டி, சேற்றின் நடுவிலேயே நடக்கும்படி சொல்வார். புதிய காலணி அணிந்தவர்களுக்கு அது பிடிக்காது.

இலங்கையின் மலையகத்தில் அண்மைக் காலத்தில் பீக்கோ தடம் என்ற நெடுநடைப் பாதையை அமைத்திருக்கிறார்கள். 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடைய அது 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தேயிலை ஏற்றிய வண்டிகள் சென்ற பழைய தோட்டப் பாதைகளையே அது பெரிதும் பின்பற்றுகிறது. அதன் வழியிலும் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள்தாம் இருக்கின்றன. கேமரன் மலையிலும், ஆங்காங்கே அறுபட்டுக் கிடக்கும் தடங்களை இணைத்து, தோட்டத்து இளைஞர்களையும் செமாய் இளைஞர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தால், மலையை விட்டு வெளியேறாமலே அவர்களில் சிலருக்காவது பிழைப்புக்கு வழி கிடைக்கும். எழுதிவைக்கப்படாத அந்த அறிவுக்கும் ஒரு வாரிசு இருக்கும்.

மூன்றாம் நாள் மாலையில் மூடுபனி இறங்கத் தொடங்கும்போது பயணிகள் தேயிலை நிரைகளுக்கிடையே திரும்பி வருகிறார்கள். எதிரே, கொழுந்து மூட்டைகளை ஏற்றிய லாரி தொழிற்சாலையை நோக்கிச் செல்கிறது. எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கடைசியாக வரும் வழிகாட்டி மட்டும் சற்றுப் பின்தங்குகிறார். முந்தைய இரவின் காற்றில் முறிந்த கிளை ஒன்று பாதையின் குறுக்கே கிடக்கிறது. பாராங் கத்தியால் அதை இரண்டாக வெட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, கத்தியைத் துடைத்து உறையில் செருகிக்கொண்டு, அவரும் இறங்குகிறார்.