எழுதப்படாத தடை

பனிக்கட்டியை நான் கடைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் கண்டிருக்கிறேன். அதன்மேல் அலகு பொருத்திய சப்பாத்துடன் பெண்கள் சுழன்று ஆடும் போட்டிகளை என் மகள் தொலைக்காட்சியில் விரும்பிப் பார்ப்பாள். "இதிலே முந்திப் பெண்களைச் சேர்க்கிறதில்லையாம் அம்மா" என்று ஒருநாள் அவள் சொன்ன கதை என் மனதை விட்டு அகலவில்லை.

1902 இல் இலண்டனில் இவ்விளையாட்டின் உலகச் சம்பியன் போட்டி நடந்தது. அதுவரை ஆண்களே பங்குபற்றி வந்தனர். மட்ஜ் சயர்ஸ் என்ற இருபது வயது ஆங்கிலேயப் பெண் தன் பெயரைக் கொடுத்தார். பெண்கள் கூடாது என்று விதிகளில் ஓரிடத்திலும் இல்லை. ஒரு பெண் வருவாள் என்று எவரும் நினைத்திருக்கவில்லை. அன்று போட்டியிட்டவர் நால்வர். சுவீடன் நாட்டு உல்ரிச் சால்கோ முதலிடம், சயர்ஸ் இரண்டாமிடம். இரண்டு ஆண்கள் அவருக்குப் பின்னால்.

அடுத்த ஆண்டே சர்வதேசச் சங்கம் பெண்களுக்குத் தடை விதித்தது. நீண்ட பாவாடை கால்களை மறைப்பதால் நடுவர்களுக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணமாம். சயர்ஸ் பாவாடையைக் கெண்டைக்கால் அளவுக்குக் குறைத்துக்கொண்டு சறுக்கினார். ஆண்களும் பங்குபற்றிய பிரித்தானியப் போட்டியில் 1903, 1904 இரு ஆண்டுகளும் அவரே வென்றார். 1904 இல் தோற்றவர்களில் அவருடைய கணவரும் ஒருவர்.

1906 இல் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பெண்களுக்கெனத் தனிப்போட்டி தொடங்கியது. அதிலும் மறு ஆண்டிலும் சயர்ஸ் முதலிடம் பெற்றார். 1908 இல் இவ்விளையாட்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது தங்கமும் வென்றார். 1924 இல் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் பங்குபற்றக்கூடியதாக இருந்த ஒரேயொரு விளையாட்டு இதுதான்.

போர் முடிந்து ஊர் திரும்பியபின் நான் மேசன் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப் போனேன். "பொம்பிளையளுக்கு இது இல்லை" என்றார் அங்கிருந்தவர். "எங்க ஐயா எழுதியிருக்கு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலைகுனிந்து திரும்பி வந்தேன். என் வீட்டுச் சுவரைக் கட்டக் கடன்பட்டுத்தான் கூலி கொடுத்தேன்.

இப்போது மகள் மின்னிணைப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். அவளோடு நானும் போவேன். பெண்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் எழுத்தில் காட்டச் சொல்லிக் கேட்பேன். காட்டினாலும் பரவாயில்லை, சகோதரிகளே. எழுதிய தடையும் மூன்று வருடத்தில் தளர்ந்த கதை எனக்குத் தெரியும்.