பீரோவில் இருந்த டப்பா

இந்தப் பக்கத்தில் இதுவரை பள்ளிக்கூடம், ஆபீஸ், மாசி மகம், பென்ஷன் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்றைய விஷயம் வேறு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். "எழுதுங்க. படிச்சு யாராவது ஒருத்தர் பிழைச்சாலும் நல்லதுதானே" என்று என் மனைவியே சொன்ன பிறகு உட்கார்ந்திருக்கிறேன். பெண்களும் தாராளமாகப் படிக்கலாம். சொல்லப்போனால் அவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

2010-ல் ஓய்வு பெற்றேன். அப்போது எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. அடுத்த வருடம் தாம்பத்தியத்தில் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் களைப்பு எனலாம். மாதக்கணக்கில் அப்படியே இருந்தது.

சின்ன வயதில் பிரெஞ்சு வகுப்பில் முசியே 'டிக்தே' கொடுப்பார். ஒரு நாள் அதில் 'இம்ப்யூயிசான்ஸ்' என்று ஒரு சொல் வந்தது. 'புயிசான்ஸ்' என்றால் வல்லமை, அது இல்லாமை இம்ப்யூயிசான்ஸ் என்று விளக்கிவிட்டு, "தமிழில் கையாலாகாத்தனம்" என்றார். இந்தக் குறைக்கும் பிரெஞ்சில் அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தமிழிலும் சுவரொட்டிக்குச் சுவரொட்டி 'ஆண்மைக்குறைவு' என்றுதான் போட்டிருக்கும். இரண்டு மொழியிலும் ஆளையே குறைத்துச் சொல்லும் வார்த்தைகள். இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு எந்த டாக்டர் முன்னால் போய் உட்காருவது? நான் போகவில்லை. ஹாலில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தேன். மனைவி கேட்டபோது, "உள்ளே புழுக்கமாயிருக்கு" என்றேன். அப்போது மார்கழி மாதம்.

பிறகு செய்ததைச் சொல்ல இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து நோயாளிகளைப் பார்க்கும் ஒரு 'பரம்பரை வைத்திய'ரிடம் போனேன். அவர் நாடி பிடித்தார், தலையை ஆட்டினார், மூன்று மாதத்துக்கு லேகியமும் காப்ஸ்யூலும் கொடுத்து 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். என்ன சாப்பிடுகிறேன், நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. டப்பாவில் 'முழுக்க மூலிகை' என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. மருந்துகளும் மந்திரப் பரிகாரங்களும் பற்றிய சட்டம் என்று அதற்குப் பெயர். அதைப் பற்றிய சுற்றறிக்கையைப் பார்த்த குமாஸ்தாதான் நான். தெரிந்தும் போனேன்.

தினம் ராத்திரி ஒரு காப்ஸ்யூல். உடம்பில் மாற்றம் தெரிந்தது உண்மை. கூடவே முகம் சூடாகும், தலை வலிக்கும், மூக்கு அடைக்கும். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் காலை. பீச் ரோட்டில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தேன். காந்தி சிலையைத் தாண்டியதும் நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல ஓர் அழுத்தம், வியர்வை. நண்பர் இதய நோயாளி. சட்டைப்பையிலிருந்து சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்து, "நாக்குக்கு அடியில வைங்க" என்றார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். ராத்திரி ஒரு காப்ஸ்யூல் போட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வைத்தேன். சில நிமிடத்தில் கண் இருட்டியது. கண் விழித்தபோது அவசரப் பிரிவில் படுத்திருந்தேன். ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்ததாகச் சொன்னார்கள்.

ட்யூட்டியில் இருந்தது என் மகள் வயதுள்ள டாக்டர் அம்மா. "ஐயா, வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? எதுவானாலும் சொல்லுங்க, முக்கியம்" என்று கேட்டார். பக்கத்தில் மனைவி. "இல்லை" என்றேன். இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் இல்லை என்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "பீரோவில என் பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு டப்பா இருக்கு டாக்டர். தினம் ராத்திரி அதிலேர்ந்து ஒண்ணு போட்டுக்கிறார். தம்பியை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

டப்பாவைப் பார்த்த டாக்டர் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. 'மூலிகை' என்று விற்கும் இந்த மாதிரிச் சரக்கில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைக் கலந்துவிடுவது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது என்றார். என் காப்ஸ்யூலை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. ஆனால் முகச்சூடும் தலைவலியும் மூக்கடைப்பும் அந்த மருந்தின் அடையாளங்கள்தான். அதையும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரமும், டாடலாஃபில் போட்டால் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தொடக்கூடாது. நைட்ரேட்டைத் தினமும் சாப்பிடுகிறவர் இந்த மருந்துகள் பக்கமே போகக்கூடாது.

ஆஞ்சியோகிராமில் இதயத்தில் ஓர் அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதுதான் இன்னொரு விஷயமும் புரிந்தது. விறைப்பு என்பது ரத்த ஓட்டம். அந்த உறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை. அதனால் அடைப்பு பல பேருக்கு முதலில் அங்கே தெரியும், நெஞ்சில் பிறகுதான் தெரியும். எனக்கு என் உடம்பு மாதக்கணக்கில் முன்னறிவிப்பு கொடுத்திருக்கிறது. நான் அதைப் புடவைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன்.

உடம்பு தேறிய பிறகு இருவருமாகச் சிறுநீரக சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். அவர் சொன்னதைக் குமாஸ்தா புத்தியில் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முதலில் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் காலை நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். புகை கூடாது. நடக்க வேண்டும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இது வரும். அவற்றை நாமாக நிறுத்தக்கூடாது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மனக்கவலையும் ஒரு காரணம்.

அடுத்தது மாத்திரை. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் இங்கிலாந்தில் ஆராயப்பட்டது. பக்கவிளைவாக இந்தக் குணம் தெரியவந்து, 1998-ல் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி பெற்றது. சுமார் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் வேலை செய்யும். டாடலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும், குறைந்த அளவில் தினமும் கொடுப்பதும் உண்டு. இரண்டுமே ஆசையை உண்டாக்கும் மருந்தல்ல, ஆசை இருந்தால் உடம்பு ஒத்துழைக்க உதவும், அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வேக்யூம் பம்ப், ஊசி, கடைசியாக ஆபரேஷன் செய்து கருவி பொருத்துவது என்று வழிகள் உண்டு. ஊசி வழியை 1982-ல் எழுதி உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ரொனால்ட் விராக் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

நம் ஊரில் இந்த மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்பது சட்டம். கடையில் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 2018 முதல் 50 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கலாம். ஆனால் அங்கே மருந்தாளுநர் இதயம் எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். சீட்டு கேட்காமல் கொடுப்பது வேறு, கேள்வியே கேட்காமல் கொடுப்பது வேறு. சித்த மருத்துவத்தை நம்புகிறவர்கள் அரசு சித்த மருத்துவரிடமோ, பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமோ போகலாம். மற்ற மாத்திரைகளை அவரிடமும் மறைக்காதீர்கள்.

எனக்கு நைட்ரேட் தேவைப்படவில்லை. இதய டாக்டர் இரண்டு மாடி ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு, குறைந்த அளவு சில்டெனாஃபிலுக்குச் சம்மதித்தார்.

அந்த வருடம் பாரீஸிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தார். சொல்தா பென்ஷன்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவரிடம் மட்டும் சொன்னேன். "அட, பான் தானே தம்பி" என்றார். வெற்றிலை பான் அல்ல. வண்டி வழியில் நின்றுபோனால் பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பான்'. அங்கே ஆண்கள் இதையும் அப்படிச் சொல்வதுண்டாம். "வண்டி நின்னா மெக்கானிக்கைக் கூப்பிடுறோம். வெக்கப்பட்டுத் தள்ளிக்கிட்டா போறோம்?" முசியே இந்த வார்த்தையை டிக்தேயில் கொடுத்திருக்கலாம்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த மாத்திரைக்கு அதிகம் வேலை இல்லை. ஆனாலும் சர்க்கரை மாத்திரை, அழுத்த மாத்திரையோடு ஒரே டப்பாவில், சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. என் எல்லா மாத்திரைகளின் பெயரையும் மனைவி ஒரு தாளில் எழுதி, அதில் இதையும் சேர்த்து, என் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள். பீச் ரோட்டில் நடக்கப் போகும் நண்பர்கள் நீங்களும் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.