ஹார்லிக்ஸ் பாட்டிலும் க்யூஆர் கோடும்!

"ஹோட்டல்கள்ல டெக்னாலஜி எப்படியெல்லாம் வந்துடுச்சுன்னு ஒரு ஸ்டோரி பண்ணும்மா. அஞ்சு பாயின்ட் போதும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

போன மாதம் டெஸ்க்கில் எனக்குக் கிடைத்த அசைன்மென்ட் இது. கூகுளைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு ஞாபகம் வந்தது அப்பாதான்.

அப்பா, ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் ரூம் பாய். வயது 54. அந்த வேலையில் தலை நரைத்தாலும் 'பாய்'தான்! சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். மற்றதெல்லாம் டிப்ஸ். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து பத்து, இருபது ரூபாய் நோட்டுகளை எடுத்து, நீவிவிட்டு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். என் பஸ் பாஸ், ஜர்னலிசம் டிப்ளோமா பரீட்சை ஃபீஸ் எல்லாமே அந்த பாட்டிலில் இருந்துதான் வந்தன.

போன வருஷம் அந்த லாட்ஜில் எல்லா ரூம்களிலும் க்யூஆர் கோடு ஒட்டினார்கள். ஸ்கேன் செய்தால் மெனு வரும். காபி, டிபன், துண்டு, துணி தேய்ப்பது எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிடலாம். பணமும் யுபிஐயில் போய்விடும். இனி தேவையில்லை என்று ரூமில் இருந்த இன்டர்காம் போனையும் கழற்றிவிட்டார்கள்.

அப்பா அதைக் குறை சொல்லவே இல்லை. "முன்னெல்லாம் ஆர்டர் எடுக்க ஒருக்கா, கொண்டுபோய்க் குடுக்க ஒருக்கான்னு ரெண்டு தடவை மாடி ஏறோணும். இப்போ ஒரு தடவைதான். முழங்கால் தப்பிச்சுது கண்ணு" என்றார். ஆனால், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையவே இல்லை. யாரும் கையில் காசு வைத்துக்கொள்வதில்லை. மீதிச் சில்லறை என்ற பேச்சே இல்லை. பிறகு டிப்ஸ் எங்கிருந்து வரும்?

ஸ்டோரிக்காகத் தேடியபோது எனக்கு இரண்டு ஹோட்டல்கள் மாட்டின. 2014-ல் அமெரிக்காவின் குப்பர்டினோவில் உள்ள அலாஃப்ட் ஹோட்டலில் 'பாட்லர்' என்ற ரோபோவை வேலைக்கு விட்டார்கள். தானே லிஃப்ட்டில் ஏறி, பிரஷ், பேஸ்ட் எல்லாம் ரூமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். அதற்கு டிப்ஸ் வேண்டாம், ஒரு ட்வீட் போட்டால் போதும்!

அடுத்தது, 2015-ல் ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் திறக்கப்பட்ட 'ஹென் நா' ஹோட்டல். ரிசப்ஷனிலேயே டைனோசர் ரோபோ நிற்கும். ஆனால், 2019-ல் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வேலையை விட்டு நிறுத்தப்பட்டன. ரூமில் இருந்த குட்டி பொம்மை ரோபோ, விருந்தினர் விட்ட குறட்டையைப் பேச்சு என்று நினைத்து, நடுராத்திரியில் எழுப்பி 'என்ன சொன்னீர்கள்?' என்று கேட்டதாம்!

இதைச் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் ஒரு கதை சொன்னார்.

கண் ஆபரேஷனுக்காகத் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து இரண்டாவது மாடியில் தங்கியிருக்கிறார்கள். பெரியவருக்கு ஒரு கண்ணில் கட்டு. அந்த அம்மாவிடம் பட்டன் போன். ராத்திரி 11 மணிக்கு மாத்திரை போட வெந்நீர் வேண்டும். கோடை என்ன செய்வது? பாவம், சொம்பை எடுத்துக்கொண்டு இருட்டில் படியிறங்கி வந்திருக்கிறார். அப்பா வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலையில் மேனேஜரிடம், "ஏனுங், வயசானவங்க ரூம்லயாச்சும் அந்த போனைத் திரும்ப மாட்டிவிடுங்க" என்றிருக்கிறார். அவரும் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். இப்போது செக்-இன் செய்யும்போதே, "ஸ்கேன் பண்ணிக்குவீங்களா, போன் வெச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்கிறார்கள்.

"உங்களுக்கும் ஒரு க்யூஆர் கோடு எடுத்துத் தர்றேன்ப்பா. சட்டையில மாட்டிக்குங்க, டிப்ஸ் வரும்" என்றேன்.

"வேண்டாங் கண்ணு. அதை மாட்டிக்கிட்டு நின்னா கையேந்தற மாதிரி இருக்கும். அவங்களா குடுக்கறதுதான் டிப்ஸு."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்டோரியில் கேட்டது ஐந்து பாயின்ட்; நான் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ஆன்லைன் பில்லிலேயே 'ஊழியர்களுக்கு' என்று ஒரு கட்டம் வைத்து, அந்தப் பணத்தை மாதக் கடைசியில் பிரித்துக் கொடுக்கலாம். யாரும் கையேந்த வேண்டியதில்லை. அந்த பாயின்ட்டை அப்பாவின் மேனேஜருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'பார்க்கிறேன்மா' என்று பதில் வந்திருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் தாராபுரத்து அம்மா, முந்தானையில் முடிந்திருந்த 50 ரூபாயை எடுத்து அப்பா கையில் வைத்து அழுத்தினாராம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இப்போது அந்த ஒரு நோட்டுதான் இருக்கிறது. அப்பா அதை இன்னும் மாற்றவில்லை.

அடுத்த முறை லாட்ஜில் தங்கினால், ஸ்கேன் செய்து காபி சொல்லுங்கள், நல்ல வசதிதான். கதவைத் தட்டிக் கொண்டுவந்து கொடுப்பவரின் பெயரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!