சாவி யார் குடுத்தா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி இந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

பெசன்ட் நகரில் கிளாஸ் பையன் ஒருவனுக்குப் பர்த்டே. மொட்டைமாடி, பரோட்டா, சில பாட்டில்கள். நான் வழக்கம்போல கூல்டிரிங்ஸும் சைட் டிஷ்ஷும். (சைட் டிஷ் சீக்கிரம் காலியாவதற்கு நான்தான் காரணம் என்று என்மேல் ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு.) பதினொன்றரை மணிக்குக் கிளம்பினோம். வீடு மயிலாப்பூர். வண்டி எங்கப்பாவின் ஸ்ப்ளெண்டர். கூட வந்தவன் பெயர் வேண்டாம், எங்கள் செட்டில் அவனை மாப்ளை என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே இருக்கட்டும்.

மாப்ளை ரெண்டு பீர் அடித்திருந்தான். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தான். என்னிடம் லைசன்ஸ் இல்லை. எல்.எல்.ஆர் வாங்கி ஆறு மாசம் ஓடி, அதுவும் காலாவதி ஆகிவிட்டது. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஐயாயிரம் ரூபாய், வண்டியைக் கொடுத்த ஓனருக்கும் தனியாக ஐயாயிரம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். எனவே சட்டத்துக்குப் பயந்த நல்ல பிள்ளையாக, சாவியை எடுத்து லைசன்ஸ் வைத்திருந்தவனிடம் கொடுத்தேன்.

ஆமாம். குடிக்காத நான், போலீஸுக்குப் பயந்து, குடித்தவனிடம் சாவியைக் கொடுத்தேன். அந்த நேரத்தில் இது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

அடையாறு சிக்னல் தாண்டி, திரு.வி.க. பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பேரிகார்டு போட்டிருந்தார்கள். மாப்ளை ஊதினான். மெஷினில் 48 என்று வந்தது. நம்ம நாட்டில் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். "ரெண்டு பீர்தான் சார்" என்றான். எஸ்.ஐ. அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி யாருது?"

"எங்கப்பாது சார். நான் குடிக்கல சார்."

"அத கேக்கல தம்பி. சாவி யார் குடுத்தா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுதிக்கொண்டே, "உன் மேலயும் கேஸ் போடலாம், தெரியுமா? அவனுக்கு என்னவோ அதே உனக்கும்" என்றார். மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் மாப்ளை மேல் மட்டும் கேஸ். வண்டியைத் திருப்பித் தர லைசன்ஸோடு, குடிக்காத ஒருவர் வரவேண்டும் என்றார்கள். அப்பாவுக்குப் போன் போட்டேன். (அந்த ஒரு நிமிடத்தை விவரிக்கப் போவதில்லை.) வேட்டி சட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையெழுத்துப் போட்டார். மாப்ளையை அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பிறகு என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். சாந்தோம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் காபி குடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அவன் குடிச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே உட்கார்ந்து மோட்டார் வாகனச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எஸ்.ஐ. மிரட்டவில்லை. 1988-ஆம் வருடச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணை போகிறவனுக்கு ஓட்டியவனுக்குரிய அதே தண்டனை என்கிறது. பிரிவு ரொம்ப காலமாகவே இருக்கிறது. சென்னை டிராபிக் போலீஸ் 2022 அக்டோபரில்தான், குடித்தவனோடு தெரிந்தே உட்கார்ந்து போகிறவர்கள் மேலும் கேஸ் போடுவோம் என்று அறிவித்தார்கள். நான் உட்கார்ந்தது மட்டுமில்லை, சாவியும் கொடுத்திருக்கிறேன்.

தண்டனை எதனால் கூடுகிறது என்று தேடினால் எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்த்ததே இல்லை. நிறைய குடித்தால் நிறைய தண்டனை என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். 185-ஆவது பிரிவில் அப்படிப் படிக்கட்டு ஒன்றும் கிடையாது. 31-க்கும் 310-க்கும் ஒரே பிரிவு. முதல் தடவை என்றால் ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினால் ரெண்டு வருஷம் வரை, அல்லது 15,000, அல்லது ரெண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் இதே அபராதம் அதிகபட்சம் 2,000, 3,000 என்றுதான் இருந்தது. அந்த வரம்புக்குள் ஜெயிலா அபராதமா, எத்தனை நாள் என்பதெல்லாம் ஜட்ஜ் கையில்.

கூட யார் இருந்தார்கள் என்பதையும் 185 கேட்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2009-இல் 'லியாண்ட்ரா சட்டம்' கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவரின் காரில் 15 வயது அல்லது அதற்குக் குறைந்த பிள்ளை இருந்தால், முதல் தடவையே அது பெரிய குற்றம். அந்த வருடம் அப்படி ஒரு காரில் போய் இறந்த 11 வயதுச் சிறுமியின் பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாண்டி பஜார் பக்கம் போனால், பெட்ரோல் டேங்க்மேல் ஒரு குழந்தை, நடுவில் ஒன்று என்று போகும் வண்டிகளைப் பார்க்கிறோம். ஓட்டுகிற அப்பா குடித்திருந்தாலும் நம்ம 185-க்கு எல்லாம் ஒன்றுதான்.

ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் தப்பிக்கலாம் என்று ஒரு அரட்டை உண்டு, ஹாஸ்டலில் எல்லாரும் வக்கீல்தான். அதுவும் நடக்காது. காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே எதிர்சாட்சிக்கு வலு சேர்க்கும் விஷயமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம், 205-ஆவது பிரிவு.

ஆனால் இதெல்லாம் யாரும் சாகாதவரைக்கும்தான்.

2006 நவம்பர் 12 விடியற்காலை, மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் ரோட்டு நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். ஓட்டியவர் ரத்தத்தில் 0.112 சதவீதம் ஆல்கஹால். விசாரணைக் கோர்ட் அஜாக்கிரதை என்று 304ஏ பிரிவில் ஆறு மாசம் கொடுத்தது. ஹைகோர்ட் அதே சம்பவத்தை, அதே சாட்சிகளை வைத்து, 304-இன் இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்று வருஷம் கொடுத்தது. சுப்ரீம் கோர்ட் 2012 ஜனவரியில் அதை உறுதி செய்தது. ஆறு மாசம் எப்படி மூன்று வருஷம் ஆனது? கார் மாறவில்லை, செத்தவர்கள் எண்ணிக்கை மாறவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்: தெரிந்து செய்தாரா. இப்படி ஓட்டினால் சாவு வரக்கூடும் என்று தெரிந்தே செய்தால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது வெறும் அஜாக்கிரதை இல்லை. 304ஏ-வுக்கு உச்சம் ரெண்டு வருஷம், 304 இரண்டாம் பகுதிக்குப் பத்து வருஷம். 2024 ஜூலை 1 முதல் இந்தப் பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-உம் 105-உம் வந்துவிட்டன. அஜாக்கிரதைக்கு உச்சம் அஞ்சு வருஷமாகக் கூடியது. தெரிந்தே செய்ததற்கு அதே பத்து.

மும்பை வரை போவானேன். 2016 செப்டம்பர் 19 விடியற்காலையில் நம்ம கதீட்ரல் ரோட்டில், ஓரமாக வரிசையாக நிறுத்தியிருந்த பத்துக்கும் மேற்பட்ட ஆட்டோக்கள் மேல் ஒரு போர்ஷே கார் மோதியது. ஓர் ஆட்டோ டிரைவர் இறந்துபோனார். குடித்துவிட்டு ஓட்டியதாக ஒரு சட்டக் கல்லூரி மாணவரைக் கைது செய்தார்கள். அப்போது நான் ஸ்கூல் பையன், அந்த வழியாகத்தான் ஸ்கூல் வேன் போகும். நசுங்கின ஆட்டோக்களை டிவியில் பார்த்தேன். எனக்கு அது பணக்காரர்கள் கதை. ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் வந்த எல்.பி. ரோட்டிலும் ஓரத்தில் ஆட்டோக்கள் நின்றன. கால் வெளியே நீட்டியபடி ஒரு டிரைவர் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் காலை ஒட்டித்தான் மாப்ளை வண்டியை விட்டான். நான் பயப்படக்கூட இல்லை, மாப்ளை நல்லா ஓட்டுவான். யாராவது கேட்டால் "தெரியாது" என்று என்னால் சொல்ல முடியாது. அப்பாவிடம்தான் காலையிலேயே "தெரியும்" என்று சொல்லிவிட்டேனே.

சரி, மாப்ளை விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டுக்குப் போனான், ஒத்துக்கொண்டான், பத்தாயிரம் கட்டினான். பணத்தைவிடப் பெரிய அடி வேறு. 185-இல் தண்டனை ஆனால் குறைந்தது ஆறு மாசம் லைசன்ஸைத் தகுதி நீக்கம் செய்யவேண்டும் என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. சாயங்காலம் ஏழிலிருந்து பதினொன்று வரை தி.நகரில் சாப்பாடு டெலிவரி செய்துதான் அவன் மெஸ் பில் கட்டுகிறான். இப்போது தம்பியின் சைக்கிளில் ஓட்டுகிறான். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சைக்கிள்தான் வேகம் என்று எங்களிடம் பீற்றிக்கொள்கிறான். மழை வந்தால் மட்டும் பேச மாட்டான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ரூபாய் அபராதம் இல்லை, எந்த ரிஜிஸ்டரிலும் என் பெயர் இல்லை. புது எல்.எல்.ஆர் எடுத்திருக்கிறேன், அடுத்த மாசம் டெஸ்ட். போன சனிக்கிழமை லஸ் கார்னர் டீக்கடையில் அவனைப் பார்த்தபோது ஐயாயிரத்தை நீட்டினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்தது.

"இது எதுக்குடா? நீயா குடிச்ச?"

"சாவி நான்தானே குடுத்தேன்."

கொஞ்ச நேரம் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கி எண்ணி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, டீ கிளாஸை எடுத்தான்.

"அன்னிக்கு சைட் டிஷ் பூரா நீதான் தின்ன. அதுக்கு எப்போ தரப்போற?"