சிவராத்திரி வேனும் கொசுவலையும்

மாசி சிவராத்திரி வந்துவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். அவரவர் குலசாமி கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கு மேலூருக்கு வடக்கே, கண்மாய்க்கரையில் அய்யனார். ஊரில் இருந்த வீட்டை அப்பா காலத்திலேயே விற்றாகிவிட்டது. அதனால் வேன் பிடித்துப் போய், ராப்பூசை பார்த்து, வேனிலேயே படுத்து எழுந்து, மறுநாள் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புவது வழக்கம்.

இந்த வருடம் கிளம்பும்போது பேத்தி கேட்டாள்: "எதுக்கு தாத்தா இந்த வலை மூட்டை? ரெண்டு கொசுவத்திச் சுருள் வாங்கிக்கிட்டாப் போதாதா?"

என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் கதையை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது இதே கோயிலுக்குக் கூண்டு வண்டியில் போவோம். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்து, பிள்ளைகளை எல்லாம் வண்டிக்குள் படுக்கவைப்பார் அப்பத்தா. பொழுது சாயும்போது காற்று வரும் பக்கமாகப் பார்த்து, வண்டிக்குப் பத்தடி தள்ளி வறட்டியைப் பற்றவைத்து, அதன் மேல் பச்சை வேப்பிலையும் நொச்சித் தழையும் போடுவார். புகை வண்டிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். புகை அடங்கியதும் வண்டியின் முன்னும் பின்னும் தாத்தாவின் பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிடுவார். துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டி. காற்று வரும், கொசு வராது.

எனக்கு மனதில் தங்கியது அந்தப் புகை மட்டும்தான். வேட்டியை மறந்துபோனேன்.

1996 சிவராத்திரி. வேனில் நாங்கள் பதினான்கு பேர். அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் கிடந்தது. இருட்டியதும் கொசு மொய்த்துவிட்டது. ராப்பூசை முடிந்து பெண்களும் பிள்ளைகளும் வேனில் படுத்தார்கள். நான்தான் பெரிய யோசனைக்காரன்போல, கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடச் சொல்லி, சீட்டுக்கு அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சுருளைக் கொளுத்தி வைத்தேன். ஆண்கள் வெளியே கோயில் திண்ணையில் படுத்துக்கொண்டோம்.

இரண்டு மணி இருக்கும். அக்கா சத்தம் போட்டு எழுப்பினார். ஓடிப்போய்ப் பார்த்தால் வேனுக்குள் ஒரே புகை மண்டலம். பிள்ளைகள் இருமிக்கொண்டு இறங்கி வருகிறார்கள். என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அவளால் இறங்கக்கூட முடியவில்லை. மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து வெட்டவெளியில் உட்காரவைத்து, பிறகு அதே வேனில் எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டு மேலூருக்கு விரட்டினோம். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, விடியும் நேரத்தில்தான் மூச்சு சீரானது. அங்கிருந்த டாக்டர் என்னிடம் கோபப்படவில்லை. "கொசுவைக் கொல்லப் போய் யாரைக் கொல்லப் பாத்தீங்கன்னு தெரியுதா சார்?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது.

ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003ல் ஓர் ஆய்வு வந்தது. பேப்பரில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மூடிய வேனில் நான் இரண்டு ஏற்றி வைத்தவன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அலுவலக நண்பர் ஒருவர் மூலமாக, அப்போது நம் மதுரையிலேயே இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவரிடம் பேசினேன். 1985ல் வந்த மத்திய அரசு நிறுவனம் அது. நெல் வயலில் பெருகி மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுவைப் பற்றி நம் பக்கத்து வயல்களிலேயே ஆராய்ந்தவர்கள். அவர் சொன்னார்: "கடிக்கிறது பெண் கொசு மட்டும்தான். நீங்க விடுற மூச்சையும் வேர்வை வாசனையையும் வச்சுத்தான் தேடி வரும். பதினாலு பேர் ஒரு வேன்ல மூச்சு விட்டா, கண்மாய்க் கொசு பூரா அங்கதான் வரும். விரட்ட முடியாது. உள்ள விடாம அடைங்க. ஆனா காத்தை அடைக்காதீங்க."

அப்போதுதான் அப்பத்தாவின் வேட்டி ஞாபகம் வந்தது.

மறு வருடம் விளக்குத்தூண் பக்கம் போய் நைலான் வலை வாங்கினேன். சதுர அங்குலத்துக்கு 156 கண் இருப்பது நல்ல வலை என்பார்கள். புது மண்டபத்தில் தைக்கக் கொடுத்தேன். அப்போது தையல்காரர்கள் அந்தத் தூண்களுக்கு இடையில்தான் மெஷின் போட்டிருப்பார்கள். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஜன்னல் அளவுக்கு வெட்டி, ஓரத்தில் நாடா வைத்துக் கட்டினோம். அந்த வருடமும் கடிதான்! ஜன்னலை எல்லாம் அடைத்தவன் கதவை விட்டுவிட்டேன். ஒருவர் ஏறி இறங்கினால் இருபது கொசு கூடவே ஏறியது.

அதற்கு அடுத்த வருடம் கதவுக்கு இரண்டு திரை. ஒன்றின் மேல் ஒன்று அரையடி ஏறி நிற்கும்படி தைத்து, அடிமடிப்பில் மணலை நிரப்பினோம். பாரத்தில் தானே மூடிக்கொள்ளும். ஜன்னலுக்கு நாடா போய், ஓரத்தில் சின்னச் சின்னக் காந்தம் வைத்துத் தைத்தோம். வேனின் இரும்புச் சட்டத்தில் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியைத் திறந்தே வைக்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டது இன்னும் சில உண்டு. பொழுது சாய்வதற்கு முன்பே வலையை மாட்டிவிட வேண்டும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கொசுவை அடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். முழங்கையும் முழங்காலும் வலையில் சாய்ந்தால் வெளியே இருந்தபடியே கடிக்கும், அதனால் ஜன்னலோரம் தலையணையை அடுக்க வேண்டும். சின்ன பேட்டரி விசிறி ஒன்று ஓடினால் இன்னும் நல்லது. எதிர்காற்றில் பறக்கக் கொசுவுக்குத் தெம்பு கிடையாது.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் வாய் திறக்கவில்லை. கோயிலில் இறங்கியதும் அவளே காந்த வலையை ஜன்னல் ஜன்னலாக ஒட்டினாள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றதைக் காட்டி, "இங்க இடுக்கு இருக்கு தாத்தா" என்று சரிசெய்தாள்.

ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. வயசாகிவிட்டது, வரும். திண்ணையிலிருந்து எழுந்துபோய் வேன் ஜன்னல் பக்கம் நின்றேன். வலைக்கு வெளியே கொசு ரீங்காரம். உள்ளே அவள் மூச்சு விடும் சத்தம், சீராக. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"என்னங்க, கொசுவத்தி கொளுத்த வந்தீங்களா?" என்றாள் உள்ளே இருந்து.

"இல்லம்மா, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.