இரண்டு முயல்களும் ஒரு காம்பிராவும்

முயலைச் சாதுவான பிராணி என்று பாலர் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பாடப் புத்தகத்தின் படத்தில் இரண்டு முயல்கள் முகத்தோடு முகம் வைத்து ஒரே கரட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். அப்படத்தை வரைந்தவர் முயல் வளர்த்தவரல்லர் என்பது என் துணிபு. முன்பின் அறியாத இரண்டு முயல்களை ஒரு கூட்டில் அடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சாதுவின் முன்பல்லும் பின்னங்கால் நகமும் எத்தகையவை என்பது தெரியும்.

பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பெண் முயலை ஓராண்டாக வளர்த்து வந்தாள். அது தனித்திருப்பதைப் பொறுக்காமல், தாய்மாமன் மூலமாகப் பண்டாரவளையிலிருந்து ஓர் ஆண் முயலையும் வரவழைத்தாள். கூடு ஒன்றே, இரண்டையும் அதிலேயே விட்டார்கள். விடிவதற்குள் ஆணின் காது கிழிந்து, கூடெங்கும் மயிர் சிதறிக் கிடந்தது.

“ரெண்டு நாளு ஒண்ணாக் கெடந்தா தானாப் பழகிரும் மாஸ்டர். நாங்கெல்லாம் அப்படித்தானே பழகுனோம்” என்றார் அவளுடைய அம்மாயி.

அந்த மூதாட்டி விளையாட்டாகச் சொல்லவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்றின் நடுவே சாக்கைத் தொங்கவிட்டு, இரு குடும்பங்கள் குடியிருந்த காலத்தில் பிள்ளை பெற்றவர் அவர். அடைத்து வைத்தால் அன்பு பிறக்கும் என்னும் தத்துவத்தை அவர் எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை. லயத்தைக் கட்டியவர்கள் அவர் தலையில் சுமத்திவிட்டுப் போனது அது.

நம் மலைகளில் தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடும் காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டாது. பெரும்பாலும் தனித்தே திரியும். வீட்டு முயலின் மூதாதையரோ ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில், வளைகளில் கூட்டமாக வாழ்ந்தவை. (இதுவும் கப்பலேறி வந்த சாதிதான். நல்ல காலம், 1948இல் இதன் பிரசாவுரிமையை எவரும் பறிக்க நினைக்கவில்லை.) கூட்டமாக வாழ்ந்த பிராணியாதலால் அது துணையை நாடுகிறது. ஆயினும் அக்கூட்டத்துக்குள்ளேயே ஒவ்வொரு பெண் முயலும் தான் குட்டி போடும் அறையைப் பல்லும் நகமுமாகக் காக்கிறது. தாடைக்கடியில் உள்ள வாசனைச் சுரப்பியைக் கல்லிலும் கட்டையிலும் தேய்த்து, ‘இது என் இடம்’ என்று எழுதி வைக்கிறது. அங்கே புதியதொரு முயலை இரவோடிரவாகக் கொண்டுபோய் விடுவது, உறங்குகிறவர் வீட்டுக் கதவை உடைத்து நுழைவதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதற் காரியம் பிரித்து வைப்பது. இரண்டு கூடுகள், நடுவே, கம்பிவலை வழியாகக் கடிக்க முடியாதபடி நான்கு விரல் இடைவெளி. இதன் கூட்டுத் துணியை அதிலும், அதன் துணியை இதிலும் மாற்றிப் போட வேண்டும். இரை வைக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படிச் சில கிழமைகள்.

இரண்டாவது காரியத்தில்தான் வழக்கு வந்தது. பெண் முயலுக்கு இணை சேர்ந்த பின்னரே முட்டை வெளிப்படும். பருவத்துக்காகக் காத்திருக்கும் தேவை அதற்கில்லை. முப்பத்தொரு நாளில் குட்டிகள். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினையாகலாம். 1859இல் தோமஸ் ஒஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டையாடி மகிழ்வதற்காக விட்ட ஒரு சில முயல்கள் ஆஸ்திரேலியாவை என்ன பாடுபடுத்தின என்பதை மாணவர்கள் அறிவார்கள். ஆணுக்கு விதைநீக்கம் செய்தால் இத்தொல்லையும் இல்லை, சண்டையும் தணியும். பண்டாரவளையில் மிருக வைத்தியர் ஒருவர் இசைந்தார்.

“எத்தனை பேரு செலவாகும்?” என்று கேட்டார் மாணவியின் தாய். தோட்டத்தில் ஒரு பேர் என்பது ஒரு நாள் வேலை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில்தான் அந்தப் பேர் ஆயிரம் ரூபாவைத் தொட்டது. அதை முயலுக்குச் செலவிடுவதா? “கறி வச்சிட்டாக் கவலை விட்டுச்சு” என்றார் தகப்பன். இதில் கொடுமை எதையும் நான் காணவில்லை. மாதக் கடைசியில் மாவு டின்னைத் தட்டிப் பார்க்கும் வீட்டில் இது நியாயமான பேச்சே. மாதமொரு முறை ஏழெட்டுக் குட்டிகள் என்ற கணக்கை மகள் தாளில் எழுதிக் காட்டிய பிறகு, தாய் சீட்டுப் பணத்தில் கைவைத்தார். விதைநீக்கத்துக்குப் பின்னும் ஆணின் ஆற்றல் ஆறு கிழமை வரை எஞ்சியிருக்கலாம். எனவே கம்பிவலை அகலவில்லை.

இதற்குக் குறுக்கு வழியும் உண்டாம். மேல்நாடுகளில் சிலர் இரண்டு முயல்களையும் ஒரே பெட்டியில் அடைத்து மோட்டார் வண்டியில் குலுக்கிக்கொண்டு போவார்கள். அச்சத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நேசம் வந்துவிட்டதென்று பிரித்துக்கொண்டு போக மாட்டார்கள். விஷயமறிந்தவர்கள் இன்று இதைக் கண்டிக்கிறார்கள். பூனாகலையில் இருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கண்டோம். 2023 மார்ச் 19 இரவு எங்கள் கபரகலைப் பிரிவிலேயே மலை சரிந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் இயங்காத தேயிலைத் தொழிற்சாலைக்குள் தடுப்புக்குத் தடுப்பாக இருத்தப்பட்டன. ‘துன்பத்தில் என்ன ஒற்றுமை!’ என்று வியப்பவர்கள் எப்போதும் உண்டு. அடுத்த தடுப்பில் இருமினாலும் கேட்கும் இடத்தில், உடை மாற்ற இருட்டுக்குக் காத்திருக்கும் இளம்பெண்ணிடம் அவர்கள் அந்த ஒற்றுமையைப் பற்றி விசாரிக்கட்டும்.

முயல்களுக்கு முதற் சந்திப்பு இரண்டின் வாசனையும் படாத பொது நிலத்தில் நிகழ வேண்டும். இங்கேதான் எனக்கு வியப்பு. தோட்டத்தில் தொழிலாளிக்கென்று ஒரு சாண் நிலமும் கிடையாது. 1975இல் கம்பனிகளிடமிருந்து அரசு எடுத்தபோதும் கிடைக்கவில்லை. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனபோதும் கிடைக்கவில்லை. ஆனால் முயலுக்காகத் தேடியபோது யாருடையதும் அல்லாத ஒரு சாணும் அகப்படவில்லை! இஸ்தோப்பின் இந்த முனை இவர்களுடையது, பீலிக்கரைக் கல் அவர்களுடையது, கானோரத்துக் கீரைப்பாத்தி இன்னொருவருடையது. சொந்தமில்லாதவனுக்குத்தான் எல்லை அத்தனை கூர்மையாகத் தெரிகிறது. கடைசியில் கொழுந்து நிறுக்கும் மடுவம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வெறுமையாகக் கிடக்கும். கணக்கப்பிள்ளை பார்த்தும் பாராதவராக இருந்துவிட்டார்.

முதல் ஞாயிறு பத்தே நிமிடம். புல் இரண்டு குவியலாக வைக்கப்பட்டது. இரண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே குவியலை வைத்துவிட்டு ஒற்றுமை பேசக்கூடாது. ஒன்றையொன்று சுற்றத் தொடங்கியதும் நடுவே பலகையை நுழைத்தாள் மாணவி. இரண்டாம் ஞாயிறு இரண்டும் ஒன்றையொன்று பாராமல் தின்றன. அவளுக்கு ஏமாற்றம், எனக்கோ அதுவே பெரிதாகப் பட்டது. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது முதுகைக் காட்டித் தின்ன முடிவது சிறிய நம்பிக்கையா?

ஐந்தாம் ஞாயிறு பெண் முயல் ஆணின் முன்னே தலையைத் தரையோடு தாழ்த்திற்று. பணிந்துவிட்டது என்றார் தகப்பன். அன்று, முயலின் வழக்கில் அது, ‘என் நெற்றியை நக்கு’ என்னும் கட்டளை. ஆண் சற்றுத் தயங்கி நக்கத் தொடங்கிற்று. “பாத்தியா, பொட்டை கேட்டு வாங்குது!” என்று அம்மாயி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

பழைய கூடு எதுவும் இனி உதவாது, வாசனை போகாது. மாமன் பலகை தேடி, நீளமான புதுக் கூடு ஒன்றை அடித்தார். அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று சினந்தால் மற்றது விலகிப் போவதற்கு. அதை வைக்க இஸ்தோப்பில் இடமில்லை. இப்போதைக்குப் பழைய பிள்ளைக்காம்பிராவின் பின்சுவரோரம் நிற்கிறது. மழைக்கு முன்னர் மேலே போட இரண்டு தகரம் வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.